மார்க் கசோலை விற்றிருக்க வேண்டுமா? மெம்பிஸ், பிப்ரவரி 2019: ஒரு நிகழ்வு ஆய்வு

2019 பிப்ரவரி 7, வட அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் அந்த சீசனில் வீரர்களை டிரேட் செய்ய, அதாவது அணிகளுக்கிடையே மாற்றிக்கொள்ள, கடைசி நாள். அன்று மெம்பிஸ் கிரிஸ்லிஸ் அணி, தன்னிடம் பதினோராவது சீசன் ஆடிக்கொண்டிருந்த சென்டர் (கூடைக்கு அருகே ஆடும் உயரமான வீரர்) மார்க் கசோலை டொரொன்டோ ராப்டர்ஸுக்கு அனுப்பியது. பதிலுக்கு சென்டர் யோனாஸ் வலன்சியூனஸ், கார்டு டெலான் ரைட், மூன்று புள்ளி வீச்சாளர் சி.ஜே.மைல்ஸ், 2024ஆம் ஆண்டின் இரண்டாம் சுற்று டிராஃப்ட் பிக் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு தேர்வு உரிமை) ஆகியவை வந்தன.

கசோல் மூன்று முறை ஆல்-ஸ்டார். 2012-13 சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர். 2014-15இல் ஆல்-என்பிஏ முதல் அணியில் இடம்பெற்றவர். அப்படிப்பட்ட ஒருவருக்கு ஒரு முதல் சுற்று பிக் கூடக் கிடைக்கவில்லையே என்று மெம்பிஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். நான்கு மாதங்களில் அவர் டொரொன்டோவில் சாம்பியன் கோப்பையைத் தூக்கியதும் கொதிப்பு இன்னும் ஏறியது. விற்றது தவறு என்றும், மலிவாக விற்றது தவறு என்றும் இரண்டு வாதங்கள் ஒன்றோடொன்று குழம்பிப்போயின.

இந்த ஆய்வின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். விற்றது சரி. கிடைத்தது அன்றைய சந்தைக்கு நியாயமான விலை. பிழை நேரத்தில் இருந்தது. இந்த முடிவு குறைந்தது ஓர் ஆண்டு முன்னால் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். மூத்த சென்டர் ஒருவரை வைத்துக்கொள்வதா விற்பதா என்று எந்த அணி யோசித்தாலும் மெம்பிஸின் கணக்கில் வந்த அதே உருப்படிகள்தாம் வரும். ஆகவே அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

விற்பனைக்கு முன் அணி இருந்த நிலை

மைக் கான்லி, டோனி ஆலன், ஸாக் ராண்டால்ஃப், கசோல் என்ற நால்வரை நம்பி மெம்பிஸ் 2011 முதல் 2017 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் பிளேஆஃபுக்கு (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) போனது. 2013இல் மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றுவரை சென்று சான் அன்டோனியோவிடம் நான்குக்கு பூஜ்யம் என்று தோற்றது. 2017 கோடையில் ராண்டால்ஃபும் ஆலனும் வெளியேறினார்கள். அடுத்த சீசனில் கான்லி காயத்தால் 12 ஆட்டங்களே ஆடினார். நவம்பர் இறுதியில், புரூக்ளினுடன் நடந்த ஆட்டத்தின் நான்காம் கால்பகுதி முழுக்கக் கசோலைப் பெஞ்சில் உட்காரவைத்த பயிற்சியாளர் டேவிட் ஃபிஸ்டேல், மறுநாளே நீக்கப்பட்டார். அந்த சீசன் 22 வெற்றி, 60 தோல்வியில் முடிந்தது.

விற்பனைக்கான சரியான கதவு அப்போதே திறந்திருந்தது. கசோலுக்கு 2018 ஜனவரியில்தான் 33 வயது. ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டரை ஆண்டுகள் பாக்கி. வாங்குகிறவருக்கு இரண்டு பிளேஆஃப்கள் உறுதியாகக் கிடைத்திருக்கும். மெம்பிஸ் அதைச் செய்யவில்லை. "கான்லி திரும்பி வந்தால் பழைய அணி திரும்பிவிடும்" என்ற நம்பிக்கை நிர்வாகத்தில் வலுவாக இருந்தது. 2018 பிப்ரவரியில் நடந்த இன்னொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. தன் வீரர் டைரீக் எவான்ஸுக்கு ஒரு முதல் சுற்று பிக் வேண்டும் என்று மெம்பிஸ் பிடிவாதமாக நின்றது. யாரும் தரவில்லை. கோடையில் அவர் இன்டியானாவுக்குப் போய்விட்டார், மெம்பிஸுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. கேட்ட விலைக்கும் கிடைக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை உரிய நேரத்தில் ஒப்புக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2019 கெடு நாளன்று மெம்பிஸ் கையிலேயே ஒரு புது உதாரணம் இருந்தது.

2018-19 சீசன் வேறுவிதமாகத் தொடங்கியது. முதல் 17 ஆட்டங்களில் 12 வெற்றி. டிராஃப்டில் நான்காவதாக எடுத்த ஜேரன் ஜாக்ஸன் ஜூனியர் பளிச்சென்று தெரிந்தார். "விற்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று" என்ற பேச்சு கிளம்பியது. அதற்குப் பிறகு வந்த 65 ஆட்டங்களில் 21 வெற்றி, 44 தோல்வி. ஜனவரி பிற்பாதியில் கசோல், கான்லி இருவருக்கும் விலை கேட்கத் தயார் என்று மெம்பிஸ் வெளியே தெரியப்படுத்திவிட்டது.

மூத்த வீரர்கள் நிரம்பிய அணி நல்ல தொடக்கம் கண்டால் அதை அளவாகத்தான் நம்ப வேண்டும். சீசனின் முதல் மாதத்தில் அவர்கள் உடல் தளராமல் இருக்கிறார்கள். எதிரணிகள் புதுக் கூட்டணிகளைப் பழக்கிக்கொண்டிருக்கின்றன. நிதான ஆட்டத்தில் நெருக்கமாக முடியும் ஆட்டங்களை வெல்வது பழகிய கைகளுக்கு எளிது. ஜனவரி வாக்கில் அந்த மூன்று அனுகூலங்களும் கரைந்துவிடும்.

ஒப்பந்தம் சொல்லும் கதை

சாலரி கேப், அதாவது ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கான உச்சவரம்பு, 2018-19இல் 10.19 கோடி டாலர். மெம்பிஸில் மூன்று பேரின் சம்பளம் மட்டும்: கான்லி சுமார் 3.05 கோடி, கசோல் 2.41 கோடி, காயத்தில் கிடந்த சாண்ட்லர் பார்சன்ஸ் 2.41 கோடி. மொத்தம் 7.87 கோடி, அதாவது உச்சவரம்பில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல். இந்த மூவரையும் வைத்துக்கொண்டு வெளியிலிருந்து நல்ல விங் வீரர்களை விலைக்கு எடுக்க வழியே கிடையாது. அணி எவ்வளவு நன்றாக ஆடினாலும் மேற்கில் எட்டாவது இடம்தான் அதன் எல்லை என்பதைச் சம்பளப் பட்டியலே சொல்லிவிட்டது.

கசோலின் ஒப்பந்தம் 2015இல் போட்ட ஐந்தாண்டு ஒப்பந்தம். கடைசி ஆண்டான 2019-20க்கு 2.56 கோடி டாலர் பிளேயர் ஆப்ஷன், அதாவது இருப்பதா விலகுவதா என்று முடிவு செய்வது வீரர் கையில். வாதம் செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் தாண்டுவது இந்த வரியைத்தான். 34 வயது வீரரிடம் பிளேயர் ஆப்ஷன் இருந்தால் அணிக்கு இரண்டு பக்கமும் இடி. அவர் நன்றாக ஆடினால் ஆப்ஷனை விட்டுவிட்டு, கோப்பைக்குப் போட்டி போடும் அணியோடு புது ஒப்பந்தம் போடுவார். அணிக்குக் கிடைப்பது பூஜ்யம். ஆட்டம் சரிந்தால் அல்லது காயம் பட்டால் ஆப்ஷனை எடுத்துக்கொள்வார். புதிதாகக் கட்டமைக்கப்பட வேண்டிய அணியில் ஒரே வீரருக்கு 2.56 கோடி முடங்கும். ஆப்ஷன் உள்ள மூத்த வீரரைக் கெடு நாளைத் தாண்டி வைத்திருக்கும் அணி, இந்த இரண்டில் எது வந்தாலும் தாங்க முடியுமா என்று தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மெம்பிஸால் இரண்டையும் தாங்க முடியாது.

2016 பிப்ரவரியில் கசோலின் வலது பாதத்தில் நாவிக்யூலர் எலும்பு முறிந்து, அந்த சீசனே அவருக்கு முடிந்துபோனது. உயரமானவர்களுக்கு அந்த எலும்பு முறிவு தரும் பயம் மற்ற காயங்களைவிடப் பெரியது. உடலின் எடையைப் பாத வளைவில் தாங்குவது அதுதான். ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் மெதுவாகவே ஆறும். கசோல் நன்றாகவே மீண்டு வந்தார். ஆனாலும் அவரை வாங்க நினைக்கும் எந்த அணியின் மருத்துவரும் முதலில் பார்க்கப் போகும் படம் அந்தப் பாதத்தின் ஸ்கேன்தான். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பாஸ்டனுக்குக் கொடுக்க வேண்டிய கடன்

2015 ஜனவரியில் ஜெஃப் கிரீன் என்ற வீரரை வாங்கியபோது மெம்பிஸ் பாஸ்டனுக்கு ஒரு முதல் சுற்று பிக் தர ஒப்புக்கொண்டது. டிராஃப்ட் வரிசையின் முன்பகுதியைத் தீர்மானிப்பது பிளேஆஃபுக்குப் போகாத அணிகளுக்கான குலுக்கல்; மோசமாக முடித்த அணிக்கு முன்னிடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். 2019இல் அந்த பிக் முதல் எட்டு இடங்களுக்குள் விழுந்தால் மெம்பிஸே வைத்துக்கொள்ளலாம். 2020க்குத் தள்ளிப்போனால் முதல் ஆறுக்குள் விழுந்தால்தான் பாதுகாப்பு. அதுவும் தாண்டி 2021க்குப் போனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை. முதல் இடமே விழுந்தாலும் பாஸ்டனுக்குத்தான்.

கசோலை வைத்துக்கொள்ள வேண்டும் என்றவர்களின் ஆகச் சிறந்த வாதம் இங்கேதான் இருந்தது. அவர்கள் சொன்னது இது: அணி சுமாராக ஆடி ஒன்பதாவது இடமோ அதற்குப் பின்னாலோ விழுந்தால் கடன் இந்த ஆண்டே தீர்ந்துவிடும். கசோலை விற்று அணி மோசமானால் இந்த ஆண்டு ஒரு நல்ல இளைஞர் கிடைப்பார். ஆனால் கடன் 2021 நோக்கி நகரும், அப்போது அணி இன்னும் எழாமல் இருந்தால் அது பேரிழப்பு. இது உணர்ச்சிவசப்பட்ட பேச்சு கிடையாது, ஒழுங்கான கணக்கு. தவிர, பாதுகாப்போடு கடன் நிலுவையில் இருக்கும்வரை, அடுத்தடுத்த ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளை விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஸ்டெப்பியன் விதி மெம்பிஸின் கையைக் கட்டிப்போட்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளின் முதல் சுற்று பிக்குகளை வைத்து வேறு டிரேட் செய்ய முடியாத அணி அது.

ஆனால் இந்த வாதம் கசோலின் ஆட்டத்துக்கு மிகையான எடை கொடுத்தது. 12-5க்குப் பிறகு வந்த சரிவின் பெரும்பகுதியில் கசோல் களத்தில்தான் இருந்தார். அவர் இருந்தும் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது, அவரை வைத்துக்கொண்டால் கடன் தீரும் என்பதற்கு உத்தரவாதம் எங்கே? வந்து சேர்ந்தவர் கையாலாகாத வீரரும் இல்லை. வலன்சியூனஸ் வழக்கமான லீக் ஆட்டங்களில் கசோலுக்கு இணையாகப் புள்ளியும் ரீபவுண்டும் தரக்கூடியவர். ஆகவே கடனைத் தீர்க்கும் வாய்ப்பு இந்த டிரேடால் பெரிதாக மாறவில்லை.

முடிவில் நடந்தது எவரும் திட்டமிட்டதில்லை. மெம்பிஸ், டல்லஸ், நியூ ஆர்லியன்ஸ் மூன்றும் 33-49 என்று ஒரே இடத்தில் முடித்தன. குலுக்கலுக்கு முந்தைய வரிசையில் மெம்பிஸுக்கு எட்டாம் இடம். முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு 6 சதவீதம், பிக்கைத் தக்கவைக்கும் வாய்ப்பே பாதிக்குச் சற்றுதான் மேல். மே 14 குலுக்கலில் அணி இரண்டாம் இடத்துக்குத் தாவி ஜா மொராண்டை எடுத்தது. கடன் 2020இல் 14ஆவது பிக்காகப் பாஸ்டனுக்குப் போனது. மொராண்ட் வந்ததைக் காட்டிக் கசோல் டிரேடைப் புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தப் புகழை ஏற்க முடியாது. குலுக்கல் பந்துகள் வேறு வரிசையில் வந்திருந்தாலும் பிப்ரவரி 7 முடிவு அதே தரத்தில்தான் இருந்திருக்கும்.

34 வயது சென்டரிடம் என்ன பார்க்க வேண்டும்

புள்ளி, ரீபவுண்ட் சராசரியை வைத்து மூத்த சென்டரை மதிப்பிட்டால் கணக்கு தப்பும். கசோல் 2018-19இல் மெம்பிஸுக்காக 53 ஆட்டங்களில் சராசரியாக 15.7 புள்ளி, 8.6 ரீபவுண்ட், 4.7 அசிஸ்ட். டொரொன்டோ போன பிறகு 26 ஆட்டங்களில் 9.1 புள்ளி, 6.6 ரீபவுண்ட், 3.9 அசிஸ்ட். தாளில் பார்த்தால் சரிவு. உண்மையில் டொரொன்டோ கேட்டது வேறு வேலை.

வீடியோவில் தேட வேண்டியது இவை. முதலாவது, பந்து வைத்திருக்கும் கார்டுக்கு எதிரணி சென்டர் ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை உடலால் மறிப்பது) போடும்போது இவர் எவ்வளவு தூரம் வெளியே வந்து தடுக்க முடிகிறது, திரும்பிக் கூடைக்குக் கீழே வர எத்தனை அடி எடுக்கிறது. வயது முதலில் தின்னும் இடம் இது. கசோல் 2019இல் பெரும்பாலும் பின்வாங்கி நின்று கூடையைக் காத்தார். நின்ற இடத்திலிருந்தே மூன்று புள்ளி எய்யும் கார்டுகளுக்கு எதிராக அது பலவீனம். இரண்டாவது, போஸ்ட்டில் (கூடைக்கு அருகில்) ஒருவருக்கு ஒருவர் நிற்கும்போது கால் தரையை விட்டு எழும்புகிறதா. கசோலின் தனிச் சிறப்பு இதில்தான். போலி வீச்சுக்கு அவர் எழும்ப மாட்டார்; மார்பைக் கொடுத்து, கையை உயர்த்தி நிற்பார்; எதிராளி கூடையிலிருந்து ஓரடி தள்ளிப் பந்தைப் பெறும்படி முன்கூட்டியே இடத்தைப் பிடித்துவிடுவார். இதற்குக் குதிக்கும் திறன் தேவையில்லை என்பதால் வயதானாலும் தேய்வதில்லை. மூன்றாவது, மூன்று புள்ளி வீச்சு. முதல் எட்டு சீசன்களில் அதை ஏறக்குறைய தொடாமல் இருந்தவர், 2016-17இல் மட்டும் 104 மூன்று புள்ளிகளை அடித்தார். இதனால் எதிரணி சென்டர் கூடைக்குக் கீழே ஒண்ட முடியாது. நான்காவது, எல்போ பகுதியில் (ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையில்) பந்தைப் பிடித்து வெட்டி ஓடுகிறவர்களுக்குக் கொடுக்கும் பாஸ்.

இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: பேச்சு. தடுப்பாட்டத்தில் யார் எங்கே மாற வேண்டும், ஸ்கிரீன் எந்தப் பக்கம் வருகிறது என்று பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லும் சென்டர் மற்ற நால்வரின் தவறுகளையும் குறைக்கிறார். புள்ளிவிவரத் தாளில் இதற்கு ஒரு கட்டமே இல்லை.

இப்படிப் பார்த்தால் கசோலின் மதிப்பு எல்லா அணிக்கும் ஒன்றாக இருக்காது என்பது புலப்படும். அடியில் தத்தளிக்கும் அணிக்கு அவர் கொஞ்சம் வெற்றி தருவார், அவ்வளவுதான். பிளேஆஃபில் ஒரே எதிராளியை ஏழு ஆட்டங்கள் தொடர்ந்து சந்திக்கப் போகும் அணிக்கு அவர் விலைமதிப்பற்றவர். கிழக்கில் அந்த ஆண்டு வழியில் நின்றவர்கள் ஒர்லாண்டோவின் வூசெவிச், ஃபிலடெல்ஃபியாவின் எம்பீட், பாஸ்டனின் ஹார்ஃபர்ட், மில்வாக்கியின் யானிஸ். வாங்கும் நியாயமான காரணம் டொரொன்டோவிடம் இருந்தது. சார்லட்டுடனும் மெம்பிஸ் பேசிப் பார்த்தது, ஆனால் அவர்களுக்கு இப்படியொரு பட்டியல் கிடையாது. வாங்குகிறவரின் பட்டியலில் எதிராளிகளின் பெயர் இருந்தால்தான் மூத்த சென்டருக்கு விலை ஏறும்.

டிரேட் எப்படிப் பொருத்தப்பட்டது

வரம்பைத் தாண்டிய அணிகள் சம்பளத்தைச் சரிக்கட்ட வேண்டும். அன்றைய ஒப்பந்த விதிப்படி, இந்த அளவுச் சம்பளத்துக்கு, அனுப்பும் தொகையின் 125 சதவீதத்தோடு 1 லட்சம் டாலர் வரை திரும்ப வாங்கலாம். வலன்சியூனஸ் சுமார் 1.65 கோடி, மைல்ஸ் 83 லட்சம், ரைட் 25 லட்சம்; கூட்டினால் ஏறத்தாழ 2.74 கோடி. கசோலின் 2.41 கோடிக்கு மெம்பிஸ் வாங்கக்கூடிய உச்சம் சுமார் 3.02 கோடி. ஆகவே பொருந்தியது. லக்சரி டேக்ஸ் (மொத்தச் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரும் வரி) கட்டிக்கொண்டிருந்த டொரொன்டோவுக்கு இதில் சம்பளமும் வரியும் சேர்ந்து குறைந்தன.

ஆள் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஒருவரைக் கொடுத்து மூவரை வாங்கினால் பட்டியலில் இடம் வேண்டும். மெம்பிஸ் அதே நாளில் காரெட் டெம்பிளையும் ஜாமைக்கல் கிரீனையும் கிளிப்பர்ஸுக்கு அனுப்பி ஏவரி பிராட்லியை வாங்கியது; ஷெல்வின் மாக்கை அட்லாண்டாவுக்கு அனுப்பி டைலர் டார்ஸியை எடுத்தது. நால்வர் வெளியே, ஐவர் உள்ளே. டொரொன்டோ பக்கம் நேர்மாறான நெருக்கடி. மூவர் போய் ஒருவர் வந்ததோடு, கிரெக் மன்றோவையும் மலகாய் ரிச்சர்ட்ஸனையும் வேறு அணிகளுக்குத் தள்ளிவிட்டதால் ஆள் பஞ்சம் வந்தது. காலியிடங்களில் ஒன்றை, அட்லாண்டாவிலிருந்து விடுபட்ட ஜெரமி லின்னைக் கொண்டு நிரப்பினார்கள். மூத்த வீரரை வாங்கும் அணி கெடு நாளுக்குப் பிறகு விடுவிக்கப்படும் வீரர்கள் யார் யாராக இருக்கும் என்று முன்பே கணித்து வைத்திருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

முதல் சுற்று பிக் ஏன் வரவில்லை? டொரொன்டோ தன் 2019 முதல் சுற்று பிக்கைக் காவாய் லெனர்டை வாங்கியபோதே சான் அன்டோனியோவுக்குக் கொடுத்துவிட்டது. ஸ்டெப்பியன் விதிப்படி அடுத்த 2020 பிக்கைத் தொட முடியாது. கொடுக்க முடிந்த மிக அருகிலுள்ள முதல் சுற்று பிக் 2021. அரைச் சீசனும் பிளேயர் ஆப்ஷனும் மட்டுமே உறுதியுள்ள 34 வயது வீரருக்கு அதை யாரும் வெறுமனே நீட்ட மாட்டார்கள். அதோடு டொரொன்டோ கொடுத்த சென்டருக்கு 26 வயதுதான். டிசம்பரில் இடது கட்டைவிரல் மூட்டு விலகியதால் அவர் அப்போது ஆடாமல் இருந்தார். காயத்தில் இருக்கும் இளைய சென்டரை வாங்க மெம்பிஸ் துணிந்ததற்கு நல்ல காரணம் உண்டு: கட்டைவிரல் ஆறிவிடும், கால் காயம்போல மீண்டும் மீண்டும் வந்து வாட்டாது.

களத்தில் டொரொன்டோ பெற்றது

முதல் சுற்றில் ஒர்லாண்டோ. சீசன் முழுக்கச் சராசரி 20.8 புள்ளி எடுத்த வூசெவிச் கசோலின் முன் 11.2க்கு இறங்கினார். அடுத்து ஃபிலடெல்ஃபியா. சீசனில் 27.5 புள்ளி சராசரி வைத்திருந்த எம்பீட் அந்த ஏழு ஆட்டங்களில் 17.6தான் எடுத்தார், உடல்நலக் குறைவும் அவரைப் படுத்தியது என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. ஆனால் கசோல் களத்தில் இருந்த நிமிடங்களில் எம்பீடைத் தடுக்க இரண்டாவது ஆள் உதவிக்கு வரத் தேவை ஏற்படவில்லை. டொரொன்டோ வாங்கியது இதைத்தான். உதவிக்கு ஓடாத நால்வர், மூன்று புள்ளிக் கோட்டருகே தங்கள் ஆளைவிட்டு விலகாமல் நிற்க முடிந்தது.

மில்வாக்கிக்கு எதிராகத் தொடக்கம் படுமோசம். முதல் இரண்டு ஆட்டங்களில் கசோல் 20 முறை எய்து 3 மட்டுமே அடித்தார். இரண்டிலும் டொரொன்டோ தோற்றது. இந்த டிரேடின் பலவீனப் பக்கம் அப்போது முழுசாகத் தெரிந்தது. அவர் எய்யத் தயங்கினால் அல்லது தவறவிட்டால் புரூக் லோபெஸ் அவரை விட்டுவிட்டுக் கூடைக்குக் கீழே போய் நின்றுகொள்வார். லெனர்டின் பாதை அடைபடும். மூன்றாவது ஆட்டத்தில் பயிற்சியாளர் நிக் நர்ஸ், யானிஸுக்கு எதிரில் லெனர்டை நிறுத்தினார். அவருக்குப் பின்னால் கசோல் இரண்டாவது சுவராக நின்றார். இரண்டு ஓவர்டைம் போன அந்த ஆட்டத்தில் கசோல் 16 புள்ளி, 12 ரீபவுண்ட், 7 அசிஸ்ட். டொரொன்டோ 118-112 என்று வென்றது. அதிலிருந்து தொடர்ந்து நான்கு ஆட்டங்களை வென்று இறுதிக்குப் போனது. கோல்டன் ஸ்டேட்டுக்கு எதிரான இறுதியின் முதல் ஆட்டத்தில் அவர் 20 புள்ளி அடித்தார். நான்குக்கு இரண்டு என்று கோப்பை கிடைத்தது.

இந்த இடத்தில்தான் "பார், மெம்பிஸ் எவ்வளவு பெரிய வைரத்தை விட்டது" என்ற வாதம் பிறக்கிறது. அது தவறு. டொரொன்டோவில் அவரைச் சுற்றி லெனர்ட், லவ்ரி, சியாகம், டேனி கிரீன், பெஞ்சிலிருந்து இபாகாவும் வான்விலீட்டும் இருந்தார்கள். மெம்பிஸில் அதே கசோலைச் சுற்றி அந்த ஆட்கள் இல்லை. நல்ல கல் தூண் அஸ்திவாரம் உள்ள கட்டடத்தில்தான் பாரம் தாங்கும். அந்த ஜூன் மாத ஆட்டங்கள் எதையும் மெம்பிஸ் ஆடியிருக்கப் போவதில்லை என்பதால், அவர் அங்கே ஆடிய விதத்தை மெம்பிஸின் நஷ்டக் கணக்கில் எழுதக் கூடாது.

மெம்பிஸ் பெற்றதைப் பின்தொடர்ந்தால்

வலன்சியூனஸ் மீதமிருந்த சீசனில் 19 ஆட்டங்களில் சராசரி 19.9 புள்ளி, 10.7 ரீபவுண்ட் எடுத்தார். சீசன் கடைசியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணியில் சென்டர் எடுக்கும் புள்ளிகளை அப்படியே நம்பக் கூடாது. எதிரணிகள் முழு மூச்சாக ஆடுவதில்லை, பந்தும் அவரிடமே திரும்பத் திரும்பப் போகும். மெம்பிஸ் அந்த மயக்கத்தில் விழவில்லை. ஜூலையில் மூன்று ஆண்டுக்கு 4.5 கோடி டாலர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 1.5 கோடி என்று ஒப்பந்தம் போட்டது. கசோலின் ஆப்ஷன் தொகையோடு ஒப்பிட்டால் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் மிச்சம், வயதோ ஏழு குறைவு.

ரைட் ரெஸ்ட்ரிக்டட் ஃப்ரீ ஏஜென்ட் (வேறு அணி தரும் ஒப்பந்தத்துக்குப் பழைய அணி ஈடுகொடுத்துத் தக்கவைக்கக்கூடிய வீரர்) ஆனார். அவரைச் சும்மா விடாமல் டல்லஸுக்கு அனுப்பி இரண்டு இரண்டாம் சுற்று பிக்குகளைப் பெற்றார்கள். மைல்ஸ் தன் ஆப்ஷனை எடுத்துக்கொண்டார். டுவைட் ஹாவர்டுக்காக வாஷிங்டனுக்குப் போனார். ஹாவர்ட் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் விடுவிக்கப்பட்டார். அந்தக் கிளை அங்கேயே காய்ந்தது.

பலன் தந்தது வலன்சியூனஸ் கிளைதான். மொராண்டின் முதல் இரண்டு சீசன்களில் அவர் ஸ்கிரீன் போட்டு, ரீபவுண்ட் எடுத்து, போஸ்ட்டில் பந்து வாங்கி இளைஞர்களின் மோசமான இரவுகளைச் சமாளித்தார். 2020-21இல் சராசரி 17.1 புள்ளி, 12.5 ரீபவுண்ட், அணி பிளே-இன் (பிளேஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி) ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட்டை அதன் சொந்த அரங்கில் வென்று பிளேஆஃபுக்குப் போனது. 2021 கோடையில் அவரையும் 17, 51ஆவது பிக்குகளையும் நியூ ஆர்லியன்ஸுக்குக் கொடுத்து ஸ்டீவன் ஆடம்ஸ், எரிக் பிளெட்ஸோ, 10, 40ஆவது பிக்குகள், லேக்கர்ஸின் பாதுகாப்புள்ள ஒரு முதல் சுற்று பிக் ஆகியவற்றை வாங்கினார்கள். ஆடம்ஸைச் சென்டராக வைத்து 2021-22இல் மெம்பிஸ் 56 ஆட்டங்களை வென்றது. கசோலுக்குப் பதிலாக வந்தவர், அடுத்தவரைக் கொண்டுவரும் சரக்காகவும் ஆனார். வெறும் பிக்குகளை வாங்கியிருந்தால் இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளில் மொராண்டுக்கு உருப்படியான சென்டர் இருந்திருக்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் டிரேடை ஆதரித்தவர்கள் சொன்னது நடக்கவில்லை. ஜாக்ஸனுக்குச் சென்டர் இடம் திறக்கும் என்றார்கள். வலன்சியூனஸும் பிறகு ஆடம்ஸும் வந்ததால் அவர் பெரும்பாலும் பவர் ஃபார்வர்டாகவே இருந்தார். அவருக்கு அதுதான் நல்லதாகவும் அமைந்தது. எடை கூடிய சென்டர்களோடு முட்டி ஃபவுல் வாங்குவது குறைந்து, பக்கவாட்டிலிருந்து வந்து பிளாக் செய்யும் அவரது திறமை வெளிவந்தது.

ஊரின் பாசம்

அண்ணன் பாவ் 2001இல் மெம்பிஸ் அணிக்கு வந்தபோது குடும்பமே பார்சலோனாவிலிருந்து இங்கே குடியேறியது. மார்க் உயர்நிலைப் பள்ளி ஆட்டம் ஆடியது மெம்பிஸில். 2008 பிப்ரவரியில் பாவை லேக்கர்ஸுக்குக் கொடுத்தபோது வந்த உரிமைகளில் ஒன்று, 2007 டிராஃப்டில் 48ஆவதாக எடுக்கப்பட்ட மார்க்குடையது. ஊர்க்காரர் என்றே அவரைச் சொல்லலாம். 2019இல் அணியின் ரீபவுண்ட், பிளாக் பட்டியல்களில் முதல் பெயர் அவருடையது. இப்படிப்பட்டவரை விற்பதால் டிக்கெட் விற்பனையும் ஊரின் மனமும் அடிபடும் என்ற அச்சம் போலியானது கிடையாது. ஆனால் அதற்கு மருந்து அவரைத் தோற்கும் அணியில் வைத்திருப்பது ஆகாது. அவர் விரும்பும் இடத்துக்கு, கோப்பை வெல்லக்கூடிய அணிக்கு அனுப்பிவைத்தால் உறவு முறியாது. அவரது 33ஆம் எண் 2024 ஏப்ரல் 6 அன்று மெம்பிஸ் அரங்கின் கூரையில் ஏற்றப்பட்டது.

வாங்கியவரின் பாக்கி

டொரொன்டோ தரப்பின் கணக்கு 2019 ஜூனில் முடியவில்லை. கசோல் ஆப்ஷனை எடுத்துக்கொண்டார். லெனர்ட் போய்விட்டார். 2019-20இல் தொடைத் தசை இழுப்பால் கசோல் 44 ஆட்டங்களே ஆடினார்; அணி 53-19 என்று அருமையாக முடித்தும், பிளேஆஃபில் பாஸ்டனுக்கு எதிரான ஏழு ஆட்டங்களில் அவர் எய்யவே தயங்கினார். 2020 இலையுதிர்காலத்தில் அவர் லேக்கர்ஸுக்கும் இபாகா கிளிப்பர்ஸுக்கும் போனார்கள். ஒரே நேரத்தில் இரண்டு சென்டர்களும் போக, ஆரன் பெய்ன்ஸை வைத்துச் சமாளிக்கப் பார்த்த டொரொன்டோ, டாம்பாவில் ஆடிய அந்த சீசனில் 27-45 என்று விழுந்தது. கோப்பைக்கு அது கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனாலும் வலன்சியூனஸ் அந்த ஆண்டு மெம்பிஸில் 12.5 ரீபவுண்ட் எடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அந்த 27-45தான் டொரொன்டோவுக்கு 2021 டிராஃப்டில் நான்காவது பிக்கைத் தந்தது. அதில் அவர்கள் எடுத்தது ஸ்காட்டி பார்ன்ஸை. மெம்பிஸ் 2019இல் கேட்டிருக்கக்கூடிய மிக அருகிலுள்ள முதல் சுற்று பிக் இதுவேதான். கேட்டிருந்தால் பார்ன்ஸ் கிடைத்திருப்பாரே என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. டொரொன்டோ அணியின் அன்றைய தலைவர் மசாய் உஜிரி அதைக் கொடுத்திருந்தாலும் குலுக்கலுக்குள் விழும் 14 இடங்களுக்குப் பாதுகாப்பு வைத்துத்தான் கொடுத்திருப்பார். பிக் டொரொன்டோவிடமே தங்கியிருக்கும்.